வள்ளி திருமணம், மூன்று விஎச்எஸ் கேசட்: டிவிடியில் ஏற்றும் வேலை

சோழவந்தான்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் அப்பா ஸ்பெஷல் நாடகத்துக்கு ஆர்மோனியம் வாசித்தவர். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் வீட்டில் ராத்திரி தங்கமாட்டார். விடிந்து வந்து தூங்குவார், சாயங்காலம் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவார். 1991 பங்குனிப் பொங்கலுக்கு எங்கள் ஊரில் வள்ளி திருமணம் போட்டார்கள், அப்பாதான் ஆர்மோனியப் பின்பாட்டு. மலேசியாவில் இருந்து லீவில் வந்திருந்த மாமா, மதுரையில் இருந்து ஒரு வீடியோக்காரரைக் கூட்டிவந்து, ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை எடுக்கவைத்தார். மூன்று கேசட், மூன்றும் இ-180, அதாவது மூன்று மணி நேரம் ஓடுவது. அப்பா பாடி வாசித்ததற்கு இருக்கிற ஒரே பதிவு அதுதான். அவர் போய் ஒன்பது வருடம் ஆகிறது.

முன்பே ஒருதடவை டவுனில் ஒரு கடையில் கொடுத்து டிவிடி போட்டு வாங்கினோம். அதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். படத்தை அகலத் திரைக்கு இழுத்துவிட்டார்கள், அப்பா ஒல்லியான மனுசன், அதில் கன்னம் உப்பிய யாரோ மாதிரி தெரிகிறார். நாடகம் தொடங்குமுன் ஆர்மோனியக்காரர் பாடுகிற சாமி பாட்டுகள் முப்பது நிமிடம் இருக்கும், அதை வெட்டி எறிந்துவிட்டு ஒரு சினிமாப் பாட்டும் ரோஜாப்பூ கிராபிக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். இரண்டாவது மணி நேரத்தில் இருந்து சத்தம் பிந்துகிறது. அப்பா கட்டையில் விரலை வைத்து எடுத்த பிறகுதான் சுரம் கேட்கிறது. அந்த டிஸ்க்கும் ஐந்தாறு வருடத்தில் பிளேயரில் ஏறவில்லை, அடியில் பார்த்தால் ஓரத்தில் இருந்து நிறம் வெளுத்துக்கொண்டு வருகிறது.

நாடகம் தெரியாதவர்களுக்காக ஒன்று. ஸ்பெஷல் நாடகத்தில் ஒத்திகை கிடையாது. ராஜபார்ட் (நாயகன்) ஒரு ஊர், ஸ்திரீபார்ட் (நாயகி) ஒரு ஊர், பபூனும் (கோமாளி) டான்ஸும் வேறு ஊர், ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைப்பார்கள், மேடையில்தான் சந்திப்பார்கள். வள்ளியும் நாரதரும் தர்க்கம் பண்ணும்போது எந்த விருத்தம் வரும், எந்தச் சுருதிக்குப் போவார்கள் என்று யாருக்கும் முன்கூட்டித் தெரியாது, ஆர்மோனியக்காரர் அந்தந்த நொடியில் பிடித்துக்கொள்ள வேண்டும். அந்த ராத்திரி அப்படி அமைந்தது அன்றைக்கு மட்டும்தான். இன்னொரு கேசட்டைத் தேடி வாங்கிவிடலாம் என்கிற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது சித்தப்பா வீட்டில் கிடந்த, கேசட் ஓட்டுகிற டெக் ஒன்று கைக்கு வந்திருக்கிறது. டெக்கில் ஓடுவதைக் கம்ப்யூட்டரில் இறக்க நானூறு ரூபாய்க்கு ஒரு யுஎஸ்பி கருவியும் வாங்கியிருக்கிறேன். கேசட்டை இன்னும் உள்ளே போடவில்லை. பயமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?


கீழவாசல் மெக்கானிக் எழுதியது:

தம்பி, கேசட்டை இன்னும் போடவில்லை என்று எழுதியிருக்கிறீர்களே, அதுவரைக்கும் நல்லது. நான் 1986இல் இருந்து டெக் ரிப்பேர் பார்த்தவன். அந்தக் காலத்தில் சனிக்கிழமை ஆனால் தெருவுக்கு ஒரு டெக் வாடகைக்குப் போகும், டிவி, டெக், நாலு படக் கேசட் எல்லாம் சேர்த்து, ராத்திரி முழுக்க ஓடும், திங்கட்கிழமை காலையில் அத்தனையும், நாடாவைப் படிக்கிற ஹெட்டில் அழுக்கு அப்பி என் கடைக்கு வரும். கடையை மூடிவிட்டேன், மேஜையும் ஸ்குரூடிரைவரும் வீட்டில் இருக்கின்றன.

சித்தப்பா டெக்கை நம்பி நேராக அப்பா கேசட்டைப் போடாதீர்கள். பத்து பதினைந்து வருடம் சும்மா கிடந்த டெக்கில் ரப்பர் எல்லாம் இறுகியிருக்கும். நாடாவை வெளியே இழுத்து, ஹெட் பதிந்து சுழலுகிற டிரம்மில் சுற்றிவிடும், ஆனால் திரும்பச் சுருட்டிக்கொள்ளத் தெம்பு இருக்காது, ஈஜெக்ட் அழுத்தினால் கேசட் வெளியே வரும், நாடா உள்ளேயே மாட்டிக்கொண்டு கசங்கும். ஒருதடவை மடிந்த நாடாவை எந்தச் சாமியும் நிமிர்த்த முடியாது. அதனால் வேண்டாத கேசட் ஒன்றைப் போட்டு மூன்று மணி நேரம் முழுசாக ஓடுகிறதா, ரீவைண்ட் ஆகிறதா, நாலைந்து தடவை ஈஜெக்ட் சுத்தமாக வருகிறதா என்று பாருங்கள். நாடாவை அழுத்தி நகர்த்துகிற ரப்பர் உருளையை, பிஞ்ச் ரோலரை, தொட்டுப் பாருங்கள், வழவழ என்று கண்ணாடி மாதிரி இருந்தால் மாற்றவேண்டும்.

ஹெட் துடைக்கிற விஷயம் முக்கியம். விஎச்எஸ் டிரம் 62 மில்லிமீட்டர் விட்டம், பால் (PAL) என்கிற நம் ஊர் டிவி முறையில் நிமிடத்துக்கு 1500 சுற்று. நாடாவில் ஒரு ட்ராக்கின் அகலம் 0.049 மில்லிமீட்டர், தலைமுடியைவிட மெலிசு. அதைப் படிக்கிற நுனி எவ்வளவு சின்னது என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். காது குடைகிற பஞ்சுக் குச்சி வேண்டாம், நூல் மாட்டி நுனி உடைந்துவிடும். ஷாமாய் தோல் ஒட்டிய குச்சி இருந்தால் அது, இல்லாவிட்டால் நல்ல வெள்ளைத் தாளை நாலாக மடித்து ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்து டிரம்மில் லேசாக அணைத்து வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் டிரம்மை மெதுவாகச் சுற்றுங்கள். டிரம்தான் சுற்றவேண்டும், தாள் அசையக் கூடாது. மேலும் கீழுமாக ஒருதடவை தேய்த்தால் ஹெட் போச்சு. முடித்ததும் அரை மணி நேரம் காயவிடுங்கள்.

அதோடு கேசட்டின் ஜன்னல் வழியாக டார்ச் அடித்து நாடா உருளையின் ஓரத்தைப் பாருங்கள். வெள்ளையாக மாவு தூவின மாதிரி, பஞ்சு இழை மாதிரி ஏதாவது தெரிந்தால் உடனே இங்கே எழுதுங்கள், ஓட்டிவிடாதீர்கள்.


வாடிப்பட்டியான் எழுதியது:

அண்ணே, மெக்கானிக் ஐயா சொன்னதைச் செய்துகொண்டிருங்கள், நான் கம்ப்யூட்டர் பக்கத்தைச் சொல்கிறேன். பழைய டிஸ்க்கில் சத்தம் ஏன் பிந்தியது என்று தெரிந்துகொண்டால் இந்தமுறை என்ன செய்யவேண்டும் என்பது தானாகப் புரிந்துவிடும்.

பால் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடு, ஒரு கோட்டுக்கு 64 மைக்ரோ வினாடி. புது நாடாவில் ஒவ்வொரு கோடும் ஏறக்குறைய நேரத்துக்கு வரும். முப்பது வருடம் பீரோவில் கிடந்து, மதுரை வெயிலில் நீண்டு சுருங்கின நாடாவில் ஒரு கோடு முந்தி வரும், அடுத்தது பிந்தி வரும். பழைய குழாய் டிவி அதை எப்படியோ சமாளித்துக் காட்டிவிடும், படத்தின் மேல் விளிம்பு கொஞ்சம் கொடி மாதிரி ஆடும், அவ்வளவுதான். மலிவான யுஎஸ்பி கருவிக்கு அந்தச் சமாளிப்பு தெரியாது. தாளம் தப்பின இடத்தில் ஒரு பிரேமை, அதாவது ஒரு படத்தை, விட்டுவிடும். சத்தம் மட்டும் விடாமல் ஓடும். இப்படி இங்கே ஒன்று, அங்கே ரெண்டு என்று பிரேம் உதிர்ந்துகொண்டே போனால் ரெண்டு மணி நேரத்தில் படம் ஒரு இடம், பாட்டு ஒரு இடம். அப்பாவின் விரலுக்கும் சுரத்துக்கும் இடையில் விழுந்த இடைவெளி இதனால்தான் வந்திருக்கும்.

இதைச் சரிபண்ணுகிற கருவிக்கு டைம் பேஸ் கரெக்டர் என்று பெயர். தனியாக வாங்கினால் விலை கட்டுப்படியாகாது. 2005 வாக்கில் வந்த டிவிடி ரெக்கார்டர்கள் சிலவற்றில் உள்ளே வருகிற சிக்னலை நேர்பண்ணி வெளியே அனுப்புகிற வசதி இருக்கிறது, பானசோனிக் இஎஸ்10, இஎஸ்15 இரண்டும் இதற்குப் பேர்போனவை. ரெக்கார்ட் பண்ணவே வேண்டாம், டெக்கில் இருந்து அதற்குள் விட்டு, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு எடுத்தால் போதும். அதில் டிஸ்க் படிக்கிற லென்ஸ் செத்திருந்தாலும் நமக்கு ஆகும். பழைய சாமான் கடையில், ஓஎல்எக்ஸில் பார்த்துக்கொண்டே இருங்கள்.

இன்னொன்று, நேராக டிவிடிக்கு எழுதாதீர்கள். டிவிடியில் போகிற எம்பெக்-2 என்பது தகவலைத் தள்ளித் தள்ளிச் சுருக்குகிற முறை, ஒருதடவை சுருக்கினதைத் திருத்தித் திரும்பச் சுருக்கினால் இன்னும் மோசமாகும். முதலில் இழப்பில்லாத முறையில், ஹஃப்யூவி மாதிரி ஒன்றில், 720க்கு 576 அளவில் முழுசாக ஹார்ட் டிஸ்க்கில் இறக்குங்கள். மணிக்கு 30 முதல் 40 ஜிபி ஆகும், மூன்று கேசட்டுக்கும் சேர்த்து 300 ஜிபிக்கு மேல் போகும். ஆகட்டும். நாடாவை எத்தனை தடவை நல்லபடியாக ஓட்டமுடியும் என்று யாருக்குத் தெரியும், ஓட்டுகிற அந்த ஒருதடவை எல்லாம் வந்து சேர்ந்துவிட வேண்டும்.


சோழவந்தான்காரன் எழுதியது:

மெக்கானிக் ஐயாவுக்கும் வாடிப்பட்டித் தம்பிக்கும் நன்றி. வேண்டாத கேசட் ஓட்டிப் பார்த்தேன், நாற்பதாவது நிமிடத்தில் டெக் தானாக நின்றுவிட்டது. நல்லவேளை.

டார்ச் அடித்துப் பார்த்தேன். முதல் கேசட்டும் மூன்றாவதும் கறுப்பாகச் சுத்தமாக இருக்கின்றன. இரண்டாவதில் உருளையின் ஓரத்தில் வட்டமாக வெள்ளைப் படலம், உப்புப் பூத்த சுவர் மாதிரி. பீரோவின் அடித்தட்டில் இருந்தது அந்தக் கேசட்தான். ஒரு மழைக்காலத்தில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது, அப்போது ஈரம் ஏறியிருக்கும். வள்ளி – நாரதர் தர்க்கம் முழுக்க அதில்தான் இருக்கிறது.


கீழவாசல் மெக்கானிக் எழுதியது:

அது பூஞ்சைதான். கலங்க வேண்டாம், படலம் ஓரத்தோடு நிற்கிறது என்றால் காப்பாற்றிவிடலாம். அந்தக் கேசட்டை மற்ற இரண்டோடு சேர்த்து வைக்காதீர்கள், எந்த டெக்கிலும் போடாதீர்கள். பூஞ்சைத் தூள் டெக்குக்குள் போனால் அடுத்து போடுகிற கேசட்டுக்கும் ஏறும்.

முதலில் காயவேண்டும். வெயிலில் வைத்துவிடாதீர்கள், நம் ஊர் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும், நாடா நெளிந்துவிடும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு ரெண்டு வாரம் போட்டு மூடுங்கள். அப்புறம் என்னிடம் கொண்டுவாருங்கள். படம் காட்டாத, சுற்ற மட்டும் தெரிந்த செத்த டெக் ஒன்று இதற்கென்றே வைத்திருக்கிறேன், டிரம்மைக் கழற்றிவிட்டேன். அதில் மெதுவாக ஓடவிட்டு, நூல் உதிராத துணியை நாடாவின் இரு பக்கமும் லேசாகப் பிடித்துக்கொண்டே சுற்றினால் தூள் துணியில் வந்துவிடும். முகத்தில் மாஸ்க் கட்டாயம், வாசலில் வைத்துத்தான் செய்யவேண்டும், ஆஸ்துமா இருக்கிறவர்கள் பக்கத்திலேயே வரக்கூடாது. பழைய கூடு வேண்டாம், கீழே இருக்கிற ஐந்து ஸ்குருவைக் கழற்றி நாடா உருளைகளை நல்ல கூட்டுக்கு மாற்றிவிடுவோம்.

சித்தப்பா டெக்கையும் எடுத்து வாருங்கள். நின்றுபோனதற்குக் காரணம் ரீலைச் சுற்றவைக்கிற ஐட்லர் ரப்பராகத்தான் இருக்கும்.


செல்லூர் அக்கா எழுதியது:

இடையில் புகுந்து கேட்கிறேன். என் கல்யாணக் கேசட்டை 1994இல் அமெரிக்காவில் இருக்கிற அத்தை அங்கேயே காப்பி போட்டு ஒன்றை எங்களுக்கு அனுப்பினார். இங்கே இருந்த மூலம் ஸ்டூடியோக்காரரிடமே போய்விட்டது, கேட்டால் அதன்மேல் வேறு விசேஷம் எடுத்துவிட்டோம் என்றார். அத்தை அனுப்பினதைப் போட்டால் படம் கறுப்பு வெள்ளையாக மேலும் கீழும் உருளுகிறது. கேசட் கெட்டுவிட்டதா?


கீழவாசல் மெக்கானிக் எழுதியது:

இல்லைம்மா, அது என்டிஎஸ்சி (NTSC) கேசட், அமெரிக்க டிவி முறை. அங்கே 525 கோடு, வினாடிக்கு முப்பது படம், இங்கே 625 கோடு, இருபத்தைந்து படம். பால் மட்டும் தெரிந்த டெக்கில் போட்டால் நீங்கள் சொல்கிற மாதிரிதான் வரும். இரண்டு முறையும் ஓடுகிற மல்ட்டி சிஸ்டம் டெக் வேண்டும், சிங்கப்பூர், துபாய் போய் வந்தவர்கள் வீட்டுப் பரணில் கிடக்கும். டிவிடி போடும்போது பாலுக்கு மாற்றாமல் என்டிஎஸ்சியாகவே, 720க்கு 480 அளவில் போடச் சொல்லுங்கள். நம் ஊரில் விற்ற டிவிடி பிளேயர்கள் அனேகமாக இரண்டையும் காட்டும். மாற்றினால் மாப்பிள்ளை ஊர்வலத்தில் எல்லாரும் விட்டுவிட்டு நடப்பார்கள்.


சோழவந்தான்காரன் எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். இரண்டாவது கேசட் சுத்தம் ஆகிவிட்டது. ஐயா வீட்டு வாசலில் உட்கார்ந்து நான் துணியைப் பிடித்திருந்தேன், அவர் ரீல் வேகத்தைக் கையாலேயே அழுத்திக் கட்டுப்படுத்தினார். வெள்ளைத் துணி பழுப்பாகிப் போனது, நாலு தடவை மாற்றினோம். திண்டுக்கல்லில் ஒரு கடையில் தம்பி சொன்ன மாதிரி டிவிடி ரெக்கார்டர் கிடைத்தது, தட்டு வெளியே வரவில்லை என்று அறுநூறு ரூபாய்க்குக் கொடுத்தார்கள். அதன் வழியாக விட்டதும் மேல் விளிம்பு ஆடுவது நின்றேவிட்டது. முதல் கேசட்டை முழுசாக இறக்கினேன், மூன்று மணி நேரத்தில் ஒரு பிரேம்கூட உதிரவில்லை என்று மென்பொருள் காட்டுகிறது. அப்பா கட்டையில் விரல் வைக்கிற கணத்திலேயே சுரம் வருகிறது. அந்த இடத்தைப் பத்து தடவையாவது திரும்பப் பார்த்திருப்பேன்.

ஆனால் சத்தம் மந்தமாக இருக்கிறது. போர்வைக்குள் இருந்து வாசிக்கிற மாதிரி. அப்பாவின் பெட்டி அப்படிக் கேட்காது, மேல் ஸ்தாயியில் கணீர் என்று இருக்கும். அதோடு பின்னால் ஒரு 'ம்ம்ம்' என்ற இரைச்சல் நிற்காமல் வருகிறது.


கீழவாசல் மெக்கானிக் எழுதியது:

இரைச்சல் கரண்டில் இருந்து வருவது, 50 ஹெர்ட்ஸ். டெக், ரெக்கார்டர், கம்ப்யூட்டர் மூன்றையும் ஒரே ஜங்ஷன் பாக்ஸில் மாட்டுங்கள், கேபிள் டிவி ஒயர் எதிலாவது சொருகியிருந்தால் கழற்றுங்கள். லேப்டாப் என்றால் சார்ஜரைப் பிடுங்கிவிட்டுப் பாருங்கள்.

மந்தத்துக்குக் காரணம் வேறு. அந்தக் காலத்து சாதாரண வீடியோ கேமராவில் சத்தம் நாடாவின் மேல் ஓரத்தில் நீளவாக்கில் ஒரு சின்னக் கீற்றாகப் பதியும், அதை ஓடாமல் நிற்கிற ஆடியோ ஹெட் படிக்கும். பதிந்த கேமராவின் ஹெட் இருந்த சாய்வும் உங்கள் டெக்கின் ஹெட் சாய்வும் ஒன்றாக இல்லாவிட்டால் கீச்சுச் சத்தமெல்லாம் மங்கிவிடும். ஆடியோ ஹெட் பக்கத்தில் இருக்கிற சாய்வு ஸ்குருவைக் கால் சுற்றுக்கும் குறைவாகத் திருப்பிப் பார்க்கவேண்டும். தொடுமுன் ஸ்குருத் தலையில் நகப் பூச்சு கொண்டு ஒரு புள்ளி வைத்துக்கொள்ளுங்கள், பழைய இடத்துக்குத் திரும்ப வேண்டுமே. பக்கத்தில் இன்னும் ரெண்டு ஸ்குரு இருக்கும், அவற்றைத் தொட்டால் ட்ராக்கிங், அதாவது ஹெட் நாடாவின் கோட்டைச் சரியாகப் பிடிப்பது, போய்விடும். தெரியாமல் கை வைக்கவேண்டாம், ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், ஜால்ரா ஒலிக்கிற இடத்தை ஓட்டிவிட்டுக் காதாலேயே பிடித்துவிடலாம்.


சோழவந்தான்காரன் எழுதியது:

போய் வந்தேன். ஐயா கண்ணை மூடிக்கொண்டு ஸ்குருவை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினார். ஒரு இடத்தில் ஜால்ரா 'சிங்' என்று பிரிந்து வந்தது, அதோடு அப்பாவின் பெட்டியில் காற்றுத் துருத்தி ஏறி இறங்குகிற மூச்சுகூடக் கேட்டது. என் மனைவி போனில் கேட்டுவிட்டு, மாமா பக்கத்து ரூமில் வாசிக்கிற மாதிரி இருக்கிறது என்றாள். முதல் கேசட்டை மறுபடியும் இறக்கினேன், மற்ற ரெண்டும் ஒவ்வொரு தடவையோடு முடிந்தது.


வாடிப்பட்டியான் எழுதியது:

அண்ணே, கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. நீங்கள் அனுப்பின துண்டு பார்த்தேன். பபூன் – டான்ஸ் ஆட்டம் வருகிற இடத்தில் அந்த அம்மா சுழலும்போது படம் முன்னும் பின்னும் உதறுகிறது, கவனித்தீர்களா? நாடாவில் ஒரு படம் இரண்டு பாதியாக இருக்கிறது, ஒற்றைக் கோடுகள் ஒரு பாதி, இரட்டைக் கோடுகள் ஒரு பாதி, வினாடிக்கு ஐம்பது பாதி. எந்தப் பாதி முதலில் என்பதை மென்பொருளுக்குத் தப்பாகச் சொல்லியிருக்கிறீர்கள், ஒவ்வொரு அசைவும் ஒரு எட்டு முன்னே போய் அரை எட்டுப் பின்னே வருகிறது. மேல் பாதி முதலில் என்று மாற்றுங்கள், சரியாகிவிடும். கோடுகளை ஒன்றாக்கி மென்மைப்படுத்துகிற எதையும் செய்யாதீர்கள், டிவிடிக்கு இந்தப் பாதிப்பாதிக் கணக்கு அப்படியே ஆகும், டிவி பார்த்துக்கொள்ளும். படத்தின் அடியில் நாலைந்து கோடு சிதறலாகத் தெரிவது ஹெட் மாறுகிற இடம், அதை வெட்டி மீதியை இழுக்காமல் கறுப்புப் பட்டையால் மூடுங்கள். அளவு 4:3. அப்பா இந்தமுறை ஒல்லியாகத்தான் இருக்கவேண்டும்.

டிஸ்க் கணக்கு: 4.7 ஜிபி டிஸ்க்கில் மூன்று மணி நேரத்தை அடைத்தால் வினாடிக்கு 3 மெகாபிட் சொச்சம்தான் கிடைக்கும், சன் கன் (வீடியோக்காரர் கை விளக்கு) வெளிச்சத்தில் எடுத்த புள்ளி புள்ளியான படத்துக்கு அது போதாது, அசைகிற இடமெல்லாம் கட்டம் கட்டமாக உடையும். ஒரு கேசட்டை ரெண்டு டிஸ்க்காகப் பிரித்து 90 நிமிடம் வைத்தால் 6.5 மெகாபிட் வரை கொடுக்கலாம். மொத்தம் ஆறு டிஸ்க். தர்க்கத்தின் நடுவில் பிரிக்காதீர்கள், காட்சி முடிகிற இடமாகப் பாருங்கள். எழுதும் வேகம் 8எக்ஸுக்கு மேல் வேண்டாம், எழுதினதும் சரிபார்ப்பு ஓட்டுங்கள், ஃபைனலைஸ் பண்ண, அதாவது டிஸ்க்கை முடித்து மூட, மறந்தால் மற்றவர் பிளேயரில் ஏறாது. மேலே ஸ்டிக்கர் ஒட்டாதீர்கள். உங்கள் பழைய டிஸ்க் வெளுத்தது சாயம் போனதால், வீட்டில் எழுதுகிற டிஸ்க்கில் தகவல் ஒரு சாயப் படலத்தில்தான் இருக்கிறது, வெயிலும் சூடும் பட்டால் போய்விடும்.


திருமங்கலத்தான் எழுதியது:

எல்லாம் படித்தேன், நல்ல வேலை. ஆனால் மனதில் பட்டதைச் சொல்கிறேன். இன்றைக்கு யாரிடம் டிவிடி பிளேயர் இருக்கிறது? என் லேப்டாப்பில் டிரைவே இல்லை. கடைசியாக டெக் செய்துகொண்டிருந்த ஜப்பான் கம்பெனியே 2016இல் நிறுத்திவிட்டது, டிவிடியும் அதே வழியில்தான் போகிறது. யூடியூபில் ஏற்றிவிட்டு லிங்க் அனுப்பினால் ஊர் உலகமே பார்க்குமே, இந்த ஆறு டிஸ்க் எதற்கு?


சோழவந்தான்காரன் எழுதியது:

நியாயமான கேள்விதான் அண்ணே. நான் யாருக்காக இதைச் செய்கிறேன் என்று சொல்கிறேன். அந்த ராத்திரி மேடையில் இருந்தவர்களில் மூன்று பேர் இருக்கிறார்கள். வள்ளியாக நடித்த அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது, மதுரையிலேயே மகள் வீட்டில் இருக்கிறார். மிருதங்கக்காரர் மேலூர் பக்கம். பபூன் போட்டவர் மானாமதுரை. மூவரிடமும் பட்டன் போன். மூவர் வீட்டிலும் டிவிக்குக் கீழே துணி போட்டு மூடின டிவிடி பிளேயர் இருக்கிறது. லிங்க் அனுப்பினால் பேரன் வந்து போட்டுக் காட்டும்வரை காத்திருக்கவேண்டும், டிஸ்க் என்றால் அவர்களே தட்டைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார்கள். பாதுகாப்புக்கு நான் டிஸ்க்கை நம்பவில்லை, இழப்பில்லாத பதிவு ரெண்டு ஹார்ட் டிஸ்க்கில் இருக்கிறது, ஒன்று என் வீட்டில், ஒன்று தங்கை வீட்டில்.

யூடியூபில் போட எனக்கு மனசு இல்லை, இப்போதைக்கு. பபூன் ஆட்டத்தில் சினிமா மெட்டுகள் நிறைய, அதைக் காரணம் காட்டிச் சத்தத்தை அடைத்துவிடலாம். அதைவிடப் பெரிய காரணம், அந்த டான்ஸ் போட்ட அம்மா இன்றைக்கு எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. நாடகத்தில் டான்ஸ் போடுகிற பெண்களை ஊர் எப்படிப் பேசியது என்று பார்த்து வளர்ந்தவன் நான். முப்பது வருடம் கழித்து அவர் பேரப்பிள்ளைகளோடு இருக்கும்போது, அவரைக் கேட்காமல் அந்த ஆட்டத்தை ஊருக்குக் காட்ட எனக்கு உரிமை இல்லை.


திருமங்கலத்தான் எழுதியது:

புரிந்தது தம்பி. இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. என் பிளேயர் ஒன்று சும்மாதான் கிடக்கிறது, யாருக்காவது வேண்டுமானால் சொல்லுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.


சோழவந்தான்காரன் எழுதியது:

போன ஞாயிறு வள்ளி அம்மா வீட்டுக்குப் போனேன். முதல் டிஸ்க்கைப் போட்டதும் சாமி பாட்டு வந்தது, அப்பா முகம் நெருக்கத்தில், வாயில் வெற்றிலை ஒதுக்கிக்கொண்டு, இடது கை துருத்தியில். அந்த அம்மா ஒன்றும் பேசவில்லை, எழுந்துபோய் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். அப்புறம் ஒவ்வொரு விருத்தத்துக்கும் முன்னால் அண்ணன் இப்போது கீழே இறங்குவார் பாருங்கள், இங்கே எனக்காகக் காத்திருப்பார் பாருங்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தார், சொன்னபடியே அப்பா வாசித்தார்.

மூன்றாவது கேசட்டில் ஒரு இடம் இருக்கிறது. முருகன் வேடன் வேஷத்தில் வந்து பேசத் தொடங்கியதும் கரண்ட் போய்விட்டது, கேமரா நின்றுவிட்டது, திரும்ப வரும்போது கிழவன் வேஷம் வந்துவிட்டது. நடுவில் என்ன நடந்தது என்று நாங்கள் யாரும் பார்த்ததில்லை. அந்த அம்மாவைக் கேட்டேன். பெட்ரோமாக்ஸ் விளக்கு ரெண்டைக் கொண்டுவந்து மேடை ஓரத்தில் வைத்தார்களாம், மைக் இல்லை, ஜனம் முன்னால் நகர்ந்து வந்து உட்கார்ந்துகொண்டதாம், அன்றைக்கு அப்பா சுருதியை அரைக் கட்டை இறக்கிக் கொடுத்தாராம், மைக் இல்லாமல் தொண்டை கட்டிவிடக் கூடாது என்று. சொல்லிவிட்டு அந்த இடத்தில் பாடினதைப் பாடிக் காட்டினார், உட்கார்ந்தபடியே, தொடையில் தாளம் போட்டுக்கொண்டு. பதினோரு நிமிடம். போனில் எடுத்திருக்கிறேன், அவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

இதை மூன்றாவது கேசட்டின் டிஸ்க்கில் சேர்க்கலாமா? இடைவெளியிலேயே வைத்து ஒட்டிவிடவா?


வாடிப்பட்டியான் எழுதியது:

இடையில் ஒட்டாதீர்கள் அண்ணே. கேசட்டில் கரண்ட் போன இடம் போனபடியே இருக்கட்டும், அந்த வெட்டும் அன்றைக்கு நடந்ததுதான். அம்மா பாடினதைக் கடைசி டிஸ்க்கில் தனித் தலைப்பாக வையுங்கள், மெனுவில் ஆண்டு போட்டு, கரண்ட் இல்லாத நேரத்தில் பாடியது என்று எழுதுங்கள். போனில் வினாடிக்கு முப்பது படமாக எடுத்திருப்பீர்கள், இருபத்தைந்துக்கு மாற்றும்போது சத்தத்தின் நீளம் மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பதினோரு நிமிடத்துக்கு இடம் வேண்டும் என்றால் அந்த டிஸ்க்கில் மட்டும் 5.8க்கு இறக்கிக்கொள்ளலாம், கண்ணுக்குத் தெரியாது.


கீழவாசல் மெக்கானிக் எழுதியது:

தம்பி, வேலை முடிந்தது என்று கேசட்டுகளைக் கழித்துவிடாதீர்கள். மூன்றையும் கடைசிவரை ஓடவிட்டு, பிறகு நிறுத்தாமல் முழுசாக ரீவைண்ட் செய்து, புத்தகம் மாதிரி நிமிர்த்தி வையுங்கள், சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு, பீரோவின் மேல்தட்டில். பின்னால் இருக்கிற சின்ன ரெக்கார்ட் நாக்கு, மேலே வேறு பதியாமல் இருக்க, உடைத்திருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் இன்றைக்கே உடைத்துவிடுங்கள்.

செல்லூர் அம்மா, பரணில் ஒரு மல்ட்டி சிஸ்டம் டெக் கிடைத்தது, ரப்பர் மாற்றியாயிற்று. ஞாயிற்றுக்கிழமை கேசட்டை எடுத்து வாருங்கள். ஓட்டிப் பார்க்காமல் கொண்டுவாருங்கள்.